காரில்லாமல் கூடாரம் அடிக்க: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கலிபோர்னியாவின் ஓக்லந்தில் கார் இல்லாமல் குடித்தனம் நடத்துவதையும், விடுமுறை வந்தால் சைக்கிளையும் ரயிலையும் படகையும் நம்பி ரெட்வுட் காட்டுக்குப் போய்த் தங்கிவிட்டு வருவதையும் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் பல ஒன்றையொன்று ஒத்தவை. அவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

முதல் தடவை போகிறவர்கள் எங்கே போகலாம்? வீட்டு வாசலில் தொடங்கிக் கூடாரம் வரை ஒரு வழியைச் சொல்லுங்களேன், அக்கா. – ஃப்ரீமான்ட் வாசகி

சாமுவேல் பி. டெய்லர் மாநிலப் பூங்காவுக்குப் போங்கள். யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான்.

ஃப்ரீமான்ட்டில் பார்ட் ரயில் ஏறி எம்பார்கடேரோ நிலையத்தில் இறங்குங்கள். முதல் பெட்டியில் சைக்கிளோடு ஏறக் கூடாது. கூட்டமான பெட்டியிலும் ஏறாதீர்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே ஃபெர்ரி பில்டிங். அங்கிருந்து லார்க்ஸ்பர் போகும் கோல்டன் கேட் ஃபெர்ரியில் சைக்கிளைக் கூடவே ஏற்றிக்கொள்ளலாம். அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ரயிலுக்கும் படகுக்கும் கிளிப்பர் என்ற ஒரே பயண அட்டை போதும்.

லார்க்ஸ்பரில் இறங்கியதும் கோர்ட்டே மடேரா ஓடையை ஒட்டி ஒரு சைக்கிள் பாதை போகிறது. அது ராஸ் ஊரில் விடும். அங்கிருந்து சான் ஆன்செல்மோ, ஃபேர்ஃபாக்ஸ் வரை பெரும்பாலும் உள்தெருக்கள். சைக்கிள் வழி என்று பலகைகள் வைத்திருக்கிறார்கள். ஃபேர்ஃபாக்ஸில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மளிகை ஏதாவது விட்டுப்போயிருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து வருவது ஒயிட்ஸ் ஹில். வழியிலேயே பெரிய ஏற்றம் இதுதான். சர் ஃபிரான்சிஸ் டிரேக் சாலையில் கார்களும் வேகமாக வரும், சாலையோரத்தை விடாதீர்கள். மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளுங்கள், அதில் ஒன்றும் குறைந்துவிடாது. ஏற்றம் முடிந்தால் சான் ஜெரோனிமோ பள்ளத்தாக்கு. உட்ஏக்கர், ஃபாரஸ்ட் நால்ஸ், லகுனிடாஸ் என்று சின்னச் சின்ன ஊர்கள் வரிசையாக வரும். லகுனிடாஸைத் தாண்டியதும் ஒரு நடைபாலம். அதன் மேல் ஏறிவிட்டால் கிராஸ் மரின் டிரெயில். அதற்குமேல் கார் சத்தம் கிடையாது. ஓடையும் மரமும் கூட வர, பூங்கா வரை சமதளம். படகை விட்டு இறங்கியதிலிருந்து எல்லாம் சேர்த்து 25 கிலோமீட்டர்போல வரும்.

அந்தப் பாதை ஏன் அவ்வளவு சமதளம் என்றால், அது பழைய ரயில் பாதை. சாமுவேல் டெய்லர் 1850-களில் அங்கே ஒரு காகித ஆலை வைத்தார். கந்தல் துணியை அரைத்து, சான் ஃபிரான்சிஸ்கோ செய்தித்தாள்களுக்குக் காகிதம் செய்தார்கள். 1870-களில் நார்த் பசிபிக் கோஸ்ட் ரயில் வந்தது. கூடவே கேம்ப் டெய்லர் என்ற விடுமுறை முகாமும் வந்தது. நகரத்து ஜனங்கள் படகில் வளைகுடாவைத் தாண்டி, ரயிலேறி வந்து இந்த மரங்களுக்கு அடியில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். பொழுதுபோக்காகக் கூடாரத்தில் தங்குவது இந்த நாட்டில் தொடங்கிய இடங்களில் இதுவும் ஒன்று. அப்போது கார் என்ற ஒன்றே கிடையாது. ‘கார் இல்லாமல் எப்படி கேம்ப்பிங் போவது?’ என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கலிபோர்னியாவின் பல மாநிலப் பூங்காக்களில் ‘ஹைக் அண்ட் பைக்’ என்று தனியாக ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நடந்தோ சைக்கிளிலோ வந்தவர்கள் மட்டும் அங்கே தங்கலாம். முன்பதிவு கிடையாது, தலைக்குச் சில டாலர்தான். மேசையையும் தண்ணீர்க் குழாயையும் மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ஓரிரு இரவுக்கு மேல் பொதுவாக விடமாட்டார்கள். காரில் வருகிறவர்கள் கோடை வாரக்கடைசிக்கு ஓர் இடம் பிடிக்க, ஆறு மாதம் முன்பே காலை எட்டு மணிக்குக் கணினி முன்னால் காத்துக்கிடக்கிறார்கள். நமக்கு அந்தப் பாடு இல்லை. அன்று மாலை போய் நின்றால் போதும். இந்த மாநிலம் காரில்லாதவர்களுக்குச் செய்திருக்கும் நல்ல காரியங்களில் இதை நான் முதலில் வைப்பேன். நாம் போய்த் தங்கத் தங்கத்தான் அது நிலைக்கும். ஆள் வராத இடத்தை எந்த நிர்வாகமும் வெகுநாள் விட்டுவைக்காது. புயலோ காட்டுத்தீயோ வந்தால் பூங்காவையே மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் பூங்காவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது கால் வலித்தால் மரின் டிரான்சிட்டின் 68-ஆம் எண் பேருந்து பூங்கா வாசலிலேயே நின்று சான் ரஃபேல் போகும். நாளுக்குச் சில நடைதான், நேர அட்டவணையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது.

என்ன சைக்கிள் வாங்க வேண்டும்? எவ்வளவு சாமான் ஏற்றலாம்? – சாக்ரமென்டோ வாசகர்

வாங்கவே வேண்டாம். வீட்டில் இருக்கும் கியர் சைக்கிளில் பின்னால் ஒரு கேரியர் மாட்ட முடிந்தால் சரி. கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கும் பை ஒரு ஜோடி மட்டும் நல்லதாக வாங்குங்கள், மழைத் தண்ணீர் புகாததாக. முதுகில் பை மாட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரு மணி நேரத்தில் தோளும் இடுப்பும் போய்விடும்.

கூடாரம் இரண்டு கிலோவுக்குள், ஸ்லீப்பிங் பேக் ஒன்றேகால் கிலோ, அடியில் விரிக்கும் பாய் அரை கிலோ. அடுப்பு, பாத்திரம், துணிமணி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 12 கிலோவுக்குள் நிறுத்தப் பாருங்கள். ஸ்பேர் ட்யூப் ஒன்று, பஞ்சர் ஒட்டும் சாமான், பம்ப் கட்டாயம். அப்புறம் ஒரு கம்பளிச் சட்டை. ‘ஜூலை மாதம்தானே’ என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஜூலையில்தான் கடல் மூடுபனி உள்ளே வரும், இரவில் 10 டிகிரிக்கு இறங்கிவிடும்.

பேருந்தின் முன்னால் சைக்கிள் மாட்டும் சட்டம் இருக்கும். மாட்டும் முன் பைகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இ-பைக் வைத்திருப்பவர்கள் எடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கனமான வண்டியை அந்தச் சட்டம் தாங்காது.

சமையல்? நாங்கள் சுத்த சைவம். – கூப்பர்டினோ வாசகி

நம் சாப்பாட்டைப் போலக் கூடாரத்துக்கு ஒத்துவருவது வேறு இல்லை. முதல் இரவுக்குப் புளிசாதம். காலையில் கிளறி எடுத்துப்போனால் ராத்திரி இன்னும் ருசியாக இருக்கும். மறுநாள் காலைக்கு உப்புமா: வீட்டிலேயே ரவையை வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய் தாளித்துப் போட்டு, உப்பும் சேர்த்து ஒரு பையில் கட்டிவிடுங்கள். அங்கே தண்ணீர் கொதித்ததும் கொட்டிக் கிளறினால் ஐந்து நிமிடத்தில் ஆயிற்று. பருப்புப் பொடியும் ஒரு சின்னப் புட்டி நெய்யும் இருந்தால் இரண்டாம் நாள் மதியத்துக்கும் கவலை இல்லை. காபிக்கு டிகாஷனைக் கெட்டியாக இறக்கிப் புட்டியில் எடுத்துக்கொள்ளுங்கள்; பால் லகுனிடாஸ் கடையில் வாங்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஆம்ட்ராக் ரயிலில் அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை ஏற்ற அனுமதி இல்லை. நீங்கள் சாக்ரமென்டோ பக்கமிருந்து அந்த ரயிலில் வருவதாக இருந்தால் இறங்கின ஊரில் வாங்குங்கள். அடுத்தது ரக்கூன், ராத்திரியில் சாப்பாடு திருட வரும் பிராணி. சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது. அங்கே இரும்புப் பெட்டி இருக்கும், சாப்பாட்டோடு பற்பசை உட்பட வாசனை உள்ள எல்லாவற்றையும் அதில் போட்டுத் தாழிடுங்கள்.

நான் சான் ஹோசேயில் இருக்கிறேன். எங்கள் பக்கம் இப்படி ஏதாவது உண்டா? – ஒரு வாசகர்

உண்டு, கடற்கரையே உண்டு. கால்ட்ரெயினில் ஹில்ஸ்டேல் வரை வாருங்கள். 2024 செப்டம்பரில் மின்சார ரயில்கள் வந்த பிறகு ஒவ்வொரு ரயிலிலும் 72 சைக்கிள்களுக்கு இடம் இருக்கிறது. சைக்கிளில் எந்த ஊரில் இறங்குகிறீர்கள் என்று எழுதிய அட்டை ஒன்றைக் கட்டிவிடுங்கள். உங்களுக்குப் பிறகு இறங்குகிறவர் உங்களுடையதன்மேல் சாய்த்து வைக்கமாட்டார். அங்கிருந்து சாம்ட்ரான்ஸ் 294-ஆம் எண் பேருந்து மலையைத் தாண்டி ஹாஃப் மூன் பே கொண்டுபோய் விடும். ஊருக்குள் கொஞ்சம் மிதித்தால் பிரான்சிஸ் பீச். அங்கேயும் ஹைக் அண்ட் பைக் இடம் உண்டு. அந்த மலையைத் தாண்டும் 92-ஆம் நெடுஞ்சாலையில் சைக்கிளில் போகலாமா என்று கேட்காதீர்கள், வேண்டாம். வளைவு, குறுகல், லாரி.

குழந்தைகளோடு? மூத்தவளுக்கு எட்டு, சின்னவனுக்கு நாலு. – ஆலமீடா வாசகி

ஏஞ்சல் தீவு. படகில் போய் இறங்கிவிட்டால், பூங்கா வண்டிகளைத் தவிர தீவில் கார் நடமாட்டமே இல்லை. தீவைச் சுற்றி எட்டு கிலோமீட்டர் சாலை. மூத்தவள் தானே ஓட்டட்டும், சின்னவனைப் பின்னால் இழுக்கும் டிரெயிலரில் உட்காரவையுங்கள். 18 வயதுக்குக் கீழே ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். தீவில் கூடாரத் தளங்கள் சிலதான், அங்கே மட்டும் முன்பதிவு வேண்டும். ஆறு மாதம் முன்பே திறந்துவிடுவார்கள், அன்றே பிடித்துவிடுங்கள்.

மூத்தவளைக் குடியேற்ற நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். 1910 முதல் 1940 வரை பசிபிக் வழியாக வந்தவர்களை நிறுத்திவைத்த இடம். நாள்கணக்கில், மாதக்கணக்கில் அடைபட்டுக்கிடந்த சீனர்கள் மரச்சுவரில் செதுக்கிய கவிதைகள் இன்னும் இருக்கின்றன. 1915-இல் கணவரோடும் மூன்று பிள்ளைகளோடும் இந்தத் தீவு வழியாக வந்த இந்தியப் பெண் கலா பாகாய். இன்று பெர்க்லியில் ஒரு தெருவுக்கு அவர் பெயர். எட்டு வயதுக் குழந்தைக்கு இது புரியும், நீங்கள் சொல்லிக் கொடுத்தால்.

பெண்கள் தனியாகத் தங்கலாமா? – பெயர் வேண்டாம்

தங்கலாம், நான் தங்குகிறேன். ஹைக் அண்ட் பைக் இடத்தில் பெரும்பாலும் நாம் தனியாக இருப்பதே இல்லை. கனடா எல்லையிலிருந்து மெக்சிகோ எல்லைக்கு மிதித்துப் போகிறவர்கள் வந்து இறங்குவார்கள். ஏழு மணிக்குச் சமைத்து, எட்டரைக்குத் தூங்கி, விடியும் முன் கிளம்பிவிடுகிற ஜனம். இருட்டுவதற்கு முன் போய்ச் சேர்வதை மட்டும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை ஒரு தோழியோடு போங்கள். பயம் தானாகக் குறையும், யாரும் எழுதிக் குறையாது.

ஓக்லந்தில் இருந்துகொண்டு பேசுவது சுலபம். டப்ளின் மலைமேல் வீடு, வயதான மாமனார் மாமியார், இரண்டு பள்ளிகள். கார் இல்லாமல் வாழச் சொல்கிறீர்களா? – டப்ளின் வாசகர்

சொல்லவில்லை. நீங்கள் சொல்வது நியாயம். ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு பார்த்ததால்தான் என்னால் கார் இல்லாமல் இருக்க முடிகிறது. வாடகை கொஞ்சம் கூடத்தான். ஆனால் அதோடு கணக்கு முடியவில்லை. ஒரு புதுக் கார் வைத்திருக்க ஆண்டுக்கு 12,000 டாலருக்கு மேல் ஆகிறது என்று 2024-இல் கார் ஓட்டுகிறவர்களின் சங்கமான ஏ.ஏ.ஏ. அமைப்பே கணக்குச் சொன்னது. கடன், காப்பீடு, பெட்ரோல், தேய்மானம் எல்லாம் சேர்த்து. உங்கள் வீட்டில் இரண்டு கார் இருந்தால், இரண்டாவது கார் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். மாமனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற காரைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன். வீட்டு வாசலில் சும்மா நிற்கிற அந்த இரண்டாவதைப் பற்றித்தான் என் பேச்சு. கூடாரம் போட வர அந்தக் கணக்கெல்லாம் முடிய வேண்டும் என்றில்லை. டப்ளினிலும் பார்ட் நிலையம் இருக்கிறது.

என் மகன் சான் ஃபிரான்சிஸ்கோவில் வேலை பார்க்கிறான். மூன்று வருடமாகியும் கார் வாங்கவில்லை. சைக்கிளில் போய்க் காட்டில் படுக்கிறேன் என்கிறான். பண நெருக்கடியோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. உண்மையைச் சொல்லம்மா. – திருநெல்வேலியிலிருந்து ஒரு தாய்

அம்மா, கவலைப்படாதீர்கள். அந்த ஊரில் கார் நிறுத்த மாதாமாதம் கொடுக்கிற பணத்தில் ஒருவர் சாப்பிட்டுவிடலாம். நல்ல சம்பளம் வாங்குகிறவர்களே அங்கே கார் இல்லாமல் இருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் ‘இன்னும் கார் வாங்கவில்லையா?’ என்று கேட்டால் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்பது புரிகிறது. என் அம்மாவையும் கேட்டார்கள். அவர்கள் இங்கே வந்தபோது பேருந்தில் கூட்டிக்கொண்டு ஹாஃப் மூன் பே போனேன். ஊருக்குத் திரும்பியதும் அவர்களே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நீங்களும் வரும்போது அவனோடு லார்க்ஸ்பர் படகில் ஒருமுறை போய் வாருங்கள். அதுவரை போனில் ஒன்று மட்டும் கேளுங்கள்: சைக்கிளுக்கு முன்விளக்கும் பின்விளக்கும் இருக்கிறதா என்று. இல்லையென்றால் அன்றைக்கே வாங்கச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டான், நீங்கள் சொன்னால் கேட்பான்.

மழைக்காலத்தில் போவீர்களா? – ஃபிரெஸ்னோ வாசகர்

கூடாரத்தோடு போவதைக் குறைத்துக்கொள்வேன். ஆனால் டிசம்பர், ஜனவரியில் நல்ல மழை பெய்து ஒரு நாள் ஓய்ந்ததும், 68-ஆம் பேருந்தில் பகல் பயணமாக லகுனிடாஸ் பக்கம் போவேன். கடலிலிருந்து கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிட அந்த ஓடையில் ஏறி வரும் காலம் அது. மத்திய கலிபோர்னியாவில் இப்போது அருகிப்போன மீன். முன்பு சொன்ன நடைபாலத்துக்குப் பக்கத்தில், ஷாஃப்டர் பாலத்தருகே நின்று பார்க்கலாம். ஓடைக்குள் கால் வைக்காதீர்கள், சரளைக்கல்லுக்கு அடியில் முட்டை இருக்கும். நாயைக் கூட்டிப்போவதாக இருந்தால் கயிற்றை விடாதீர்கள்.