பாதி பாட்டில் பீர் மறுநாள் வரை தாங்குமா?

சேலம் அஸ்தம்பட்டி வாசகர் ஒருவரின் கேள்வி: "ஏற்காட்டில் தங்கும்போது 650 மில்லி பீரில் பாதியைக் குடித்துவிட்டு, மீதியை வைன் பாட்டிலுக்கான ரப்பர் அடைப்பானால் மூடி வைக்கிறேன். இரவிலேயே அடைப்பான் எகிறிவிடுகிறது. மறுநாள் பீரில் சுறுசுறுப்பே இல்லை. எந்த அடைப்பான் வாங்கலாம்?"

வைனுக்கான அடைப்பான் வெளிக்காற்று உள்ளே போகாமல் தடுக்கும்; உள்ளிருந்து எழும் அழுத்தத்தைத் தாங்கும் பிடிமானம் அதற்குக் கிடையாது. பீரில் லிட்டருக்குச் சுமார் 5 கிராம் கரியமில வாயு கரைந்திருக்கிறது. பாதி பாட்டிலை மூடியதும், மேலே உள்ள வெற்றிடத்தில் அழுத்தம் சமநிலைக்கு வரும்வரை அந்த வாயு பீரைவிட்டு வெளியேறிக்கொண்டே இருக்கும். அறை வெப்பம் 30 டிகிரி என்றால், பாட்டில் வாயில் செருகிய அடைப்பானைக் கீழிருந்து ஏறக்குறைய 3 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளும் என்பது என் கணக்கு. காற்றை உறிஞ்சி எடுக்கும் பம்புடன் வரும் அடைப்பானைப் பீருக்குத் தொடவே வேண்டாம். அது எஞ்சிய வாயுவையும் இழுத்துவிடும்.

பாட்டில் வாயின் தடித்த விளிம்புக்கு அடியில் இருபுறமும் கவ்விக்கொண்டு, உள்ளே உள்ள ரப்பர் வளையத்தை அழுத்திப் பிடிக்கும் எஃகு மூடியை வாங்குங்கள். ஆனால் எவ்வளவு இறுக்கமான மூடியும் போன வாயுவைத் திருப்பித் தராது. பாதி பாட்டிலை 4 டிகிரிக் குளிரில் வைத்தாலும் ஐந்தில் இரண்டு பங்கு வாயு வெற்றிடத்துக்குப் போய்விடலாம். 30 டிகிரியில் ஐந்தில் மூன்று பங்கு போய்விடும். முக்கால் பாட்டில் பீர் மிஞ்சியிருந்தால், அதே குளிரில் இழப்பு ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆகவே மூடியின் விலையைவிட வெற்றிடத்தின் அளவைத்தான் நான் பெரிதாகக் கருதுவேன்.

இதற்கு ஒரு வழி உண்டு. பாட்டிலைத் திறந்தவுடனேயே, நன்றாகக் குளிர்ந்த நிலையில், பாதி பீரைக் கழுவிய சிறிய பிளாஸ்டிக் சோடா பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, உட்சுவர் ஓரமாக மெதுவாக வழியவிட்டு, கழுத்துவரை நிரப்பி, நுரை பொங்கி வாயைத் தொடும் கணத்தில் திருகி மூட வேண்டும். அந்த நுரைதான் உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. தண்ணீர் பாட்டில் இந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதன்று என்பதால் சோடா பாட்டிலே வேண்டும்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இரவுக் குளிரே போதும் என்று பலர் பாட்டிலை ஜன்னலோரம் விட்டுவிடுகிறார்கள். அந்தக் குளிர் ஃபிரிட்ஜுக்கு ஈடாகாது. காலை வெயில் பட்டால், குறிப்பாகப் பச்சை பாட்டிலில், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் சிதைந்து துர்நாற்றம் வரும். ஃபிரிட்ஜிலும், திறக்கும்போதெல்லாம் குலுங்கும் கதவுப் பக்கத்தைத் தவிர்த்து, உட்புறம் நிமிர்த்தி வைத்து, மறுநாள் மாலைக்குள் குடித்துவிடுவது நல்லது.

புது மூடியை நம்புமுன் சோதித்துவிடுங்கள். காலி பீர் பாட்டிலில் பாதி சோடா ஊற்றி மூடி, முகத்துக்கு எதிராகப் பிடிக்காமல் இருமுறை குலுக்கி, பஞ்சர் கடையில் டியூபை அமுக்கிப் பார்ப்பதுபோலக் பாட்டிலைக் கவிழ்க்காமல், நிமிர்த்தியபடியே மூடி மூழ்கும்வரை தண்ணீர் வாளியில் அமிழ்த்துங்கள். குமிழி வந்தால் ரப்பர் வளையத்தை வெந்நீரில் கழுவி மறுபடி பாருங்கள். அப்போதும் வந்தால் மூடியை மாற்றிக்கொள்ளுங்கள்.