பாங்காக்கில் பதிந்த திருமணம் சென்னையில் செல்லுமா?

தோழி, தன்பாலின இணையான நீங்கள் இருவரும் பாங்காக் போய்த் திருமணத்தைப் பதிந்துவிட்டு வந்தால் சென்னை வங்கியில் அந்தச் சான்றிதழைக் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். காட்டலாம், ஆனால் பலன் இருக்காது.

தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் தன்பாலினத் திருமணத்தை ஏற்கும் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டவரும் பதியலாம். ஆனால் மணமாகாதவர் என்று உங்கள் தூதரகம் கொடுக்கும் தாளை தாய்லாந்து மொழியில் பெயர்த்து, தாய்லாந்து வெளியுறவு அமைச்சகத்தில் சான்று வாங்கி, அப்புறம்தான் திருமணம் பதியும் மாவட்ட அலுவலகம். அந்த முதல் தாள் கிடைக்குமா என்று டிக்கெட் போடும் முன்பே தூதரகத்துக்கு எழுதிக் கேளுங்கள். (பாங்காக்கின் பாங் ராக் மாவட்ட அலுவலகத்தில் காதலர் தினத்தன்று போய் நிற்காதீர்கள். பெயரில் ‘ராக்’, அதாவது காதல், இருப்பதால் கூட்டம் அள்ளும்!)

இங்கே 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை ஏற்க மறுத்துவிட்டது. அதனால் அந்தச் சான்றிதழ் இங்கே நினைவுப் பொருள் மாதிரிதான்.

சரி, வங்கிக்கு அது தேவையே இல்லை. கூட்டுக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்ட் 28 அன்று நிதி அமைச்சகமே சொல்லிவிட்டது. கவுன்ட்டரில் இழுத்தடித்தால் அந்த அறிவிப்பின் நகலை நீட்டுங்கள். ஆனால் நாமினி என்பவர் வாரிசு அல்ல. பணம் அவர் கைக்கு வந்தாலும் உங்கள் அண்ணன் வழக்குப் போடலாம். ஆளுக்கொரு உயில், இரண்டு சாட்சிகளோடு, இந்த மாதமே எழுதிவிடுங்கள். பாங்காக் அப்புறம்.