ஓல்டாமைட்: தண்ணீர் பட்டால் தாங்காத விண்கல் கனிமம் – கேள்வி பதில்

விண்கற்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஓல்டாமைட் என்ற பெயரை ஒருமுறை சொன்னேன். அதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த கனிமம் என்பதால் முடிந்தவரை எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.

சார், எங்கள் புவியியல் பாடத்தில் இந்தப் பெயரே வரவில்லை. ஓல்டாமைட் என்றால் என்ன? (கல்லூரி மாணவி)

கால்சியம் சல்ஃபைடு, அவ்வளவுதான் அம்மா. ஒரு கால்சியம் அணுவுக்கு ஒரு கந்தக அணு. படிக அமைப்பு நம் சமையல் உப்பின் அமைப்பேதான், கனசதுரம். உடைத்தால் கனசதுர முகங்களில் பிளக்கும். நிறம் வெளிர் பழுப்பு. கடினத்தன்மை மோ அளவுகோலில் 4, அதாவது ஃப்ளோரைட் அளவு. அடர்த்தி சுமார் 2.6, ஒரு சல்ஃபைடுக்கு இது மிகவும் குறைவு. இரும்பு சல்ஃபைடான பைரைட் 5 இருக்கும்.

பாடத்தில் இல்லாததற்குக் காரணம், பூமியின் பாறைகளில் இதைத் தேடினால் கிடைக்காது. முதன்முதலில் கண்டதே விண்கல்லில்தான், அதுவும் நம் நாட்டில் விழுந்த கல்லில். 1852 டிசம்பர் 2 அன்று உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூருக்கு மேற்கே, பஸ்தி அருகே சுமார் ஒன்றரை கிலோ எடையுள்ள கல் ஒன்று விழுந்தது. அது லண்டன் போய்ச் சேர்ந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தில் கனிமப் பிரிவைக் கவனித்துவந்த நெவில் ஸ்டோரி மாஸ்கெலின் அதை ஆராய்ந்தபோது, வெண்ணிறக் கல்லுக்குள் பழுப்பு நிறச் சிறு உருண்டைகளைப் பார்த்தார். 1862-இல் அதற்கு ஓல்டாமைட் என்று பெயர் வைத்தார்.

நிலநடுக்க அலைகளை வைத்து பூமிக்குள் ஒரு மையக்கரு இருக்கிறது என்று காட்டிய ஓல்டாமின் பெயரா?

இல்லை, அவருடைய அப்பா. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையை 1851-இலிருந்து கட்டியெழுப்பிய தாமஸ் ஓல்டாமின் பெயர் இது. நீங்கள் சொல்பவர் மகன் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். மையக்கரு பற்றிய அவருடைய ஆய்வு 1906-இல் வந்தது. குழப்பம் எல்லோருக்கும் வருவதுதான்.

கால்சியமும் கந்தகமும் பூமியில் கொட்டிக் கிடக்கின்றன. பிறகு ஏன் இது மட்டும் அரிதாக இருக்கிறது? (வேதியியல் ஆசிரியர்)

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். கால்சியத்துக்கு ஆக்சிஜன் கிடைத்தால் போதும், கந்தகத்தைத் திரும்பியே பார்க்காது. சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிகேட்டாகவோ சுண்ணாம்புக் கல்லாகவோ போய்விடும். கந்தகம் இரும்பு, செம்பு, ஈயம் என்று வேறு துணை தேடிக்கொள்ளும். கால்சியம் கந்தகத்தோடு சேர வேண்டுமென்றால், சுற்றிலும் எடுத்துக்கொள்ள ஆக்சிஜனே இல்லாத நிலை வேண்டும்.

அப்படி ஓர் இடம் எப்படி உண்டாகும்? சூரியனில் ஒரு கார்பன் அணுவுக்கு ஏறக்குறைய இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. சூடான வாயுவில் ஒவ்வொரு கார்பனும் ஓர் ஆக்சிஜனைப் பிடித்து கார்பன் மோனாக்சைடாகக் கட்டிப்போட்டுவிடும். அப்போதும் பாதி ஆக்சிஜன் மிச்சம். ஆனால் சூரியனும் கோள்களும் உருவான ஆதி வாயுவில் ஏதோ ஒரு பகுதியில் கார்பனும் ஆக்சிஜனும் கிட்டத்தட்ட சம அளவுக்கு வந்துவிட்டால், மிச்சம் என்று ஒன்றும் இருக்காது. அந்த வாயு குளிரும்போது கால்சியம் சல்ஃபைடாகப் படியும். டைட்டானியம் நைட்ரஜனோடு சேரும். சிலிக்கன்கூட ஓரளவு உலோகத்துக்குள் போய்விடும். இரும்பு முழுக்க உலோகமாகவும் சல்ஃபைடாகவும் நின்றுவிடுவதால் சிலிகேட்டில் இரும்பே இருக்காது. பஸ்தி கல் வெண்மையாக இருந்தது அதனால்தான்.

அதே பஸ்தி கல்லில் ஓல்டாமைட்டுக்குள் பொன்னிறத்தில் மிக நுண்ணிய படிகங்களையும் மாஸ்கெலின் கண்டார். அது டைட்டானியம் நைட்ரைடு, பெயர் ஆஸ்பார்னைட். ட்ரில் பிட்டுகளில் தங்கம்போலப் பூசியிருப்பார்களே, அதே பொருள். இரண்டும் ஒன்றாக இருப்பதே ஆக்சிஜன் வறண்ட இடத்தில் அவை பிறந்தன என்பதற்குச் சாட்சி. இத்தகைய கற்களில் உருகாத வகையை என்ஸ்டடைட் காண்ட்ரைட் என்றும், ஒருமுறை உருகி இறுகிய வகையை ஆப்ரைட் என்றும் சொல்கிறோம். ஓல்டாமைட் இந்த இரண்டு வகைகளிலும்தான் முக்கியமாகக் கிடைக்கிறது.

தண்ணீர் பட்டால் என்ன ஆகும்?

சிதைந்துவிடும். கால்சியம் ஹைட்ராக்சைடாக, அதாவது நீற்றிய சுண்ணாம்பாக மாறி, ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடும். கூமுட்டை நாற்றம் வரும். தண்ணீர்தான் வேண்டும் என்பதில்லை, காற்றின் ஈரப்பதமே மெதுவாக வேலையைச் செய்துவிடும். அருங்காட்சியக அலமாரியில் பல பத்தாண்டுகள் இருந்த கல்லை நுண்ணோக்கியில் பார்த்தால், ஓல்டாமைட் இருந்த இடத்தில் வெறும் குழியோ, ஜிப்சமோ, கால்சைட்டோ இருக்கலாம்.

ஆகவே நுண்ணோக்கியில் பார்க்கக் கல்லிலிருந்து மெல்லிய சீவல் தயாரிக்கும்போது தண்ணீர் ஊற்றி அறுக்கக் கூடாது, தேய்க்கவும் கூடாது. எண்ணெயோ நீரற்ற ஆல்கஹாலோ பயன்படுத்த வேண்டும். மாணவர்கள் பழக்கதோஷத்தில் குழாயைத் திறந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, மற்ற எந்தப் பாறைக்கும் அதுதானே வழக்கம்! ஆனால் 450 கோடி ஆண்டுகள் விண்வெளியில் மாறாமல் இருந்த ஒரு பொருள் ஐந்து நிமிடத்தில் போய்விடுவது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கும். தயவுசெய்து கல் எந்த வகை என்று தெரிந்துகொண்டு அறுங்கள்.

நான் உருக்காலையில் வேலை செய்கிறேன். சூடான கசட்டில் தண்ணீர் அடிக்கும்போது இதே நாற்றம் வருமே அண்ணா?

அதே பொருள்தான் தம்பி! இரும்பிலிருந்து கந்தகத்தை எடுக்கச் சுண்ணாம்பு போடுகிறீர்கள். உலைக்குள் கரி நிறைந்து ஆக்சிஜன் குறைவாக இருப்பதால் கந்தகம் கால்சியம் சல்ஃபைடாகிக் கசட்டில் சேர்கிறது. விண்கல்லுக்குச் சொன்ன நிபந்தனை இங்கேயும் அப்படியே பொருந்துகிறது, பாருங்கள். ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் பகுதியில் தீப்பற்றி எரிந்த நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடுகளிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். பூமியில் இது உண்டாகும் இடங்கள் இப்படிப்பட்டவைதான்.

இவ்வளவு சின்னக் கனிமத்தை ஏன் இத்தனை பேர் ஆராய்கிறார்கள்?

கல்லில் இது பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குள்தான் இருக்கும். ஆனால் லாந்தனம், சீரியம், சமாரியம் போன்ற அருமண் தனிமங்களில் பெரும்பங்கு இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. யுரேனியம், தோரியமும் இதில் சேர்ந்திருக்கும். சாதாரணப் பாறைகளில் இவை ஆக்சிஜன் சார்ந்த கனிமங்களுக்குள்தான் போகும். இங்கே கணக்கே தலைகீழ்.

ஆப்ரைட்டில் உள்ள ஓல்டாமைட் ஆதி வாயுவிலிருந்து நேரடியாகப் படிந்து, பிறகு உருகாமல் தப்பித்ததா, பாறைக்குழம்பிலிருந்து படிகமானதா என்று நீண்ட விவாதம் உண்டு. தப்பித்தது என்பவர்கள் அதன் உருகுநிலையைக் காட்டுவார்கள். தனியாகச் சூடுபடுத்தினால் சுமார் 2500 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஆனால் பாறைக்குழம்பில் அது கரையும் என்பதையும் பார்க்க வேண்டும். உப்புக்கல் உருக 800 டிகிரி வேண்டும், ரசத்தில் கரைய வேண்டாமே. ஆப்ரைட்டைப் பொறுத்தவரை பெரும்பகுதி குழம்பிலிருந்து வந்தது என்பதே என் கருத்து. காண்ட்ரைட்டில் உள்ளது வேறு கதை.

புதன் கோளில் இது இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

நேரடியாக யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிய மெசஞ்சர் விண்கலம், மேற்பரப்பில் கந்தகம் 4 சதவீதம் வரை இருப்பதையும், இரும்பு மிகக் குறைவு என்பதையும் கண்டது. கந்தகம் கூடும் இடத்தில் கால்சியமும் கூடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓல்டாமைட் நினைவுக்கு வராமல் இருக்காது. 2018-இல் ஏவப்பட்ட பெபிகொலம்போ இதை இன்னும் தெளிவாக்கும் என்று ஆவலோடு இருக்கிறேன்.

இருட்டில் ஒளிருமா?

செயற்கையாகச் செய்த கால்சியம் சல்ஃபைடில் பிஸ்மத் போன்றவை துளி கலந்தால் ஒளிரும். 1768-இல் ஜான் கான்டன் சிப்பி ஓட்டையும் கந்தகத்தையும் சேர்த்துச் சுட்டு இப்படி ஒன்றைச் செய்தார். விண்கல்லில் இரும்பு கலந்திருக்கும், அது ஒளிர்வை அடக்கிவிடும். எதிர்பார்க்க வேண்டாம்.

பஸ்திக்குப் பிறகு இந்தியாவில் இந்த வகைக் கல் விழவே இல்லையா? நம் ஊரில் விழுந்தால் என்ன செய்வது?

விழுந்தது. 2022 ஆகஸ்ட் 17 அன்று குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டம், தியோதர் வட்டத்தில் ஒரு ஆப்ரைட் விழுந்தது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தினர் அதை ஆராய்ந்தார்கள். நடுவில் 170 ஆண்டு இடைவெளி.

உங்கள் ஊரில் விழுந்தால், முதலில் கழுவாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் இருக்கட்டும். மஞ்சள் குங்குமம் வைத்து நீராட்டவும் வேண்டாம். ஈரமில்லாத கையால் எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அப்புறம் புவியியல் ஆய்வுத் துறைக்குச் சொல்லுங்கள், நாட்டில் விழும் விண்கற்களைப் பாதுகாக்கும் பொறுப்பு அவர்களுடையது. தியோதரில் விழுந்தது போல மழைக்காலமாக இருந்தால், துண்டுகளைப் பொறுக்க மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.