காஞ்சனபுரி போறவங்க பாலத்தோட திரும்பிடாதீங்க

பாங்காக் பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த கடிதங்கள்ல பாதி காஞ்சனபுரி பத்தித்தான், அதனால இந்த வாரம் முழுக்க அந்த ஊர்தான். ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான் ராணுவம் போர்க்கைதிங்களையும் கூலிங்களையும் வச்சு தாய்லாந்துல இருந்து பர்மாவுக்குப் போட்ட 'மரண ரயில் பாதை'யும், அதுல வர்ற குவாய் ஆத்துப் பாலமும் இருக்கிற தாய்லாந்து ஊர் அது.

கேள்வி (வாசகர், கோயம்புத்தூர்): டிசம்பர்ல குடும்பத்தோட பாங்காக் போறோம். ஒரே நாள்ல குவாய் ஆத்துப் பாலம் பாத்துட்டு வந்துடலாம்னு டிராவல்ஸ்ல சொல்றாங்க. போதுங்களா?

பதில்: போதாதுங்க. ஒரு நாள் டூர்னா பாலத்துல நிக்க வச்சு போட்டோ எடுத்து, சாப்பாடு போட்டு, ராத்திரி கொண்டு வந்து விட்டுடுவாங்க, அந்த ஊர்ல என்ன நடந்துச்சுன்னே தெரியாம வந்துடுவீங்க. ரெண்டு ராத்திரி தங்குங்க. பாங்காக்ல இருந்து 130 கிலோமீட்டர் வாக்குலதான் வரும், ரயில்லயே போங்க. தோன்புரி ஸ்டேஷன்ல காலைல எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு வண்டி, மதியம் ரெண்டு மணி வாக்குல இன்னொண்ணு, வெளிநாட்டுக்காரங்களுக்கு டிக்கெட் 100 பாட், ஏசி கிடையாது, ஜன்னல் எல்லாம் திறந்தே இருக்கும். நோங் பிளாடுக் ஜங்ஷன் தாண்டிட்டா நீங்க போற பாதையே அந்த மரண ரயில் பாதைதான். காலை வண்டில போனா காஞ்சனபுரில இறங்காம கடைசி ஸ்டேஷன் நாம் தோக் வரைக்கும் போயிட்டு திரும்பி வாங்க, போகும்போது இடது பக்கம் உக்காருங்க, தாம் கிராசேங்கற இடத்துல ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆறு, நடுவுல மரத்தூண் பாலத்து மேல வண்டி ஊர்ந்துதான் போகும். பசங்களுக்கு அங்கயே கதையச் சொல்லுங்க.

பெரிய பாலத்துல ஒண்ணு கவனிங்க. வில்லு மாதிரி வளைஞ்ச இரும்புக்கூடு எல்லாம் போர்க்காலத்துது, ஜாவால இருந்து கொண்டு வந்தது. நடுவுல வளைவே இல்லாம நிக்கிற ரெண்டு கூடு மட்டும் 1945ல குண்டு விழுந்து உடைஞ்ச இடத்துல, போர் முடிஞ்ச பிறகு வச்சது.

கேள்வி (வாசகி, ஈப்போ, மலேசியா): எங்க அம்மாவோட அப்பாவ 1943ல ரப்பர் தோட்டத்துல இருந்து சயாமுக்கு (இப்போ தாய்லாந்து) கொண்டு போனாங்க, திரும்பி வரவே இல்ல. காஞ்சனபுரி கல்லறைல அவர் பேரைத் தேட முடியுமா? எங்க போய் ஒரு பூ வைக்கலாம்னாவது சொல்லுங்க.

பதில்: அம்மா, உங்க கடிதத்த ரொம்ப நேரம் கைல வச்சுக்கிட்டே இருந்தேன். அந்தக் கல்லறைல உங்க தாத்தா பேர் இருக்காது. ஊருக்கு நடுவுல, ஸ்டேஷன் கிட்ட, புல்லு வெட்டி பூச்செடி வச்சு அவ்வளவு அழகாப் பராமரிக்கிற இடம் அது, கிட்டத்தட்ட 7,000 பேர் அங்க இருக்காங்க, ஆனா எல்லாரும் போர்க்கைதிங்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு சிப்பாய்ங்க. பட்டாளத்துல ஒவ்வொருத்தனுக்கும் நம்பர் இருந்துச்சு, ரெஜிஸ்டர் இருந்துச்சு, செத்தா எழுதி வைக்க அதிகாரி இருந்தாரு. தோட்டத்துல இருந்து போனவங்களுக்கு அதெல்லாம் யாரு வச்சிருந்தா?

415 கிலோமீட்டர் பாதை, 1942ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. கைதிங்க 60,000 பேருக்கு மேல, அதுல 12,000 பேருக்கு மேல செத்தாங்க. மலாயா, பர்மா, ஜாவான்னு கொண்டு வந்த கூலிங்க ரெண்டு லட்சம் பேர் வாக்குல இருப்பாங்க, செத்தவங்க 90,000ன்னு ஒரு மதிப்பீடு, அது வெறும் மதிப்பீடுதான், எண்ணினவங்க யாரும் இல்ல. ரப்பர் ஏற்றுமதி நின்னு போயி தோட்டத்துல வேலையும் இல்ல அரிசியும் இல்லங்கற நேரத்துல, மூணு மாசம் வேலை, நல்ல சம்பளம்னு சொல்லி ஜப்பான்காரங்க கூப்பிட்டாங்க, போனவங்க திரும்பலன்னு தெரிஞ்சதும் யாரும் வரல, அப்புறம் ஆள் பிடிக்க ஆரம்பிச்சாங்க. 1943 மழைக்காலத்துல காலரா வந்தப்போ கைதிங்க முகாம்ல அவங்க பட்டாளத்து டாக்டருங்களாவது கூட இருந்தாங்க, தண்ணியக் கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும்னு கட்டாயப்படுத்தினாங்க. நம்ம ஆளுங்க முகாம்ல பெரும்பாலும் அதைச் சொல்லக்கூட ஆள் இல்ல. அவ்வளவு சாவுக்கு அது ஒரு முக்கிய காரணம்.

பூ வைக்க ரெண்டு இடம் இருக்கும்மா. ஒண்ணு வாட் தாவோர்ன் வராராம்ங்கற புத்த கோயில், அந்தப் பெரிய கல்லறைக்குப் பக்கத்துலயே இருக்கு. ஆசியத் தொழிலாளிங்களோட எலும்புகளை அங்கதான் அடக்கம் பண்ணி வச்சிருக்காங்க, நம்ம தமிழருக்காக ஒரு நடுகல்லும் இப்ப அங்க நட்டிருக்காங்க. இன்னொண்ணு பாலத்துக்குப் பக்கத்துல, 1944ல ஜப்பான் ராணுவமே கட்டின நினைவுத்தூண். அதுல பல மொழில கல்வெட்டு பதிச்சிருக்காங்க, தமிழும் ஒண்ணு. அவங்களைக் கொண்டு போய் சாகடிச்ச ராணுவமே அவங்களுக்குத் தமிழ்ல அஞ்சலி எழுதி வச்சிருக்குன்னு நினைச்சா எனக்குக் கோவமும் வரும், அதே நேரம் அந்த எழுத்தத் தொட்டுப் பாக்கணும்னும் இருக்கும்.

அம்மாவுக்கு நினைவு நல்லா இருந்தா இப்பவே உக்காத்தி வச்சு, எந்தத் தோட்டம், யாரோட போனாரு, என்ன மாசம்னு கேட்டு எழுதி வைங்க, செல்போன்ல பதிவு பண்ணுங்க. ரெஜிஸ்டர் இல்லாத இடத்துல அவங்க சொல்றதுதான் ரெஜிஸ்டர்.

கேள்வி (வாசகர், திருச்சி): எத்தனையோ மியூசியம் இருக்கே, எதுக்குப் போறது?

பதில்: ஒண்ணுதான் முடியும்னா கல்லறைக்கு எதிர்லயே இருக்கிற தாய்லாந்து பர்மா ரயில்வே சென்டர், கூலிங்க பத்தியும் சொல்ற இடம் அது. ஜீத் (JEATH) மியூசியம் ஆத்தோரத்துல, கைதிங்க இருந்த மூங்கில் கொட்டகை மாதிரி கட்டினது, அந்தப் பேரே ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்துங்கற பேருங்களோட இங்கிலீஷ் முதலெழுத்துங்கதான், மலாயாவும் பர்மாவும் அதுல இல்ல பாருங்க. ஊருக்கு வடமேற்க 80 கிலோமீட்டர் வாக்குல ஹெல்ஃபயர் பாஸ், கையால பாறையக் குடைஞ்ச பாதை, ராத்திரி பந்தம் கொளுத்தி வேலை வாங்கினது நரகம் மாதிரி இருந்துச்சுன்னு அந்தப் பேரு. ஆஸ்திரேலிய அரசு நடத்துது, டிக்கெட் இல்ல, ஆடியோ கைடு வாங்கிக்கோங்க. படி நிறைய, முட்டி வலி இருக்கறவங்க மேல மியூசியத்தோட நிறுத்திக்கலாம்.

கேள்வி (வாசகி, மதுரை): இத்தனை பேர் செத்த ஊர்ல போயி அருவில குளிக்கறது தப்பு மாதிரி தோணுது. எரவான் அருவிக்கு போகலாமா?

பதில்: போங்க, தப்பே இல்ல. அந்த ஊர் ஜனங்க அங்கதான் வாழறாங்க, ஞாயித்துக்கிழமை பசங்களக் கூட்டிட்டு அங்கதான் குளிக்கறாங்க. முதல் நாள் கல்லறையும் கோயிலும், மறுநாள் அருவின்னு வச்சுக்கோங்க, ஒரே நாள்ல ரெண்டையும் திணிக்காதீங்க. ஏழு அடுக்கு அருவி, மேல போகப் போக கூட்டம் குறையும், காலைல சீக்கிரம் போனா நல்லது. தண்ணில மீன் வந்து கால கடிக்கும், சின்னப் பசங்க முதல்ல கத்துவாங்க, அப்புறம் வெளிய வரமாட்டாங்க.