புத்தி சடமா, அறிவா?

களுவாஞ்சிகுடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மகள் உயர்தரத்தில் இந்து நாகரிகம் படிக்கிறாள். சைவசித்தாந்தம் புத்தியைச் சடம், அதாவது தானாக அறியும் தன்மை இல்லாதது, என்கிறது. அரிஸ்டாட்டில் பற்றிய கட்டுரை ஒன்றிலோ, புத்திதான் மனிதனின் மேலான பகுதி என்று இருக்கிறது. மகளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?"

இரண்டும் அதனதன் இடத்தில் சரி. 'அறிவது எது?' என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

சித்தாந்தத்தில் அறிவது உயிர், அதாவது ஆன்மா. புத்தி அதன் கருவி. உலகையும் உடலையும் விளக்கச் சித்தாந்தம் எண்ணும் 36 அடிப்படைக் கூறுகளே தத்துவங்கள். அவற்றுள் ஆன்ம தத்துவம் 24. அவற்றுள் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய நான்கும் அந்தக்கரணங்கள், அதாவது உட்கருவிகள். பொழுதுபடும் நேரம் வாவியில் நீளமாக ஏதோ மிதக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் உருவத்தைக் கொடுக்கிறது. மனம் அதைப் பற்றிக்கொண்டு, கட்டையோ முதலையோ என்று தடுமாறுகிறது. சித்தம் சிந்திக்கிறது. 'நான் இதை அறிவேன்' என்று அகங்காரம் எழுகிறது. 'முதலைதான்' என்று துணிவது புத்தி. அந்தத் துணிவும் கருவியில் நிகழ்வதுதான். அதை அறிவது உயிர். மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 4ஆம் சூத்திரத்தில், அந்தக்கரணங்களுள் ஒன்றல்ல ஆன்மா என்று சொல்லி, அமைச்சரோடு கூடிய அரசனை உவமை காட்டுகிறார். அந்தச் சூத்திரத்தை மகள் பாடமாக்கட்டும். வினாவுக்கு வேண்டியதில் பெரும்பகுதி அதற்குள் இருக்கிறது.

பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் எண்ணிக்கை. சாங்கியம் என்ற இன்னொரு இந்திய மெய்யியல் மரபில் தத்துவம் 25, அந்தக்கரணம் 3. சித்தம் தனியாக இல்லை. அங்கும் புத்தி சடமே. பிரகிருதி என்ற மூலப்பொருளிலிருந்து முதலில் தோன்றுவது அது, மகத் என்றும் பெயர். தர்க்கத்தை முதன்மையாகக் கொண்ட நியாய மரபில் நிலைமை வேறு. புத்தியும் ஞானமும் ஒன்றே, அது ஆன்மாவின் குணம் என்பார்கள். ஆகவே 'இந்திய மெய்யியலில் புத்தி சடம்' என்று பொதுப்படையாக எழுதினால் புள்ளி போய்விடும்.

அரிஸ்டாட்டிலுக்குப் புத்தி ஆன்மாவின் ஆற்றல். புலன் தனிப்பொருளைப் பற்றும். புத்தி பொதுவானதை, பொருளின் வடிவத்தைப் பற்றும். ஆன்மா பற்றிய நூலின் 3ஆம் பகுதி, 4ஆம் அத்தியாயத்தில், பொருளின் வடிவத்தை ஏற்றுக்கொள்ளும் 'ஏற்கும் புத்தி' வருகிறது. 5ஆம் அத்தியாயத்தில், அந்த அறிதலை நிகழச் செய்யும் 'ஆக்கும் புத்தி'. இந்த 5ஆம் அத்தியாயம் சில வரிகள்தான், ஆனால் அதைப் பற்றிய வாதம் நூற்றாண்டுகளாக ஓயவில்லை. இஸ்லாமிய மெய்யியலாளர் இப்னு சீனா ஆக்கும் புத்தியை மனிதருக்கு வெளியே வைத்தார். கிறிஸ்தவ மெய்யியலாளர் தோமஸ் அக்குவைனாஸ் ஒவ்வொருவருக்குள்ளும் வைத்தார். காத்தான்குடி, கல்முனைப் பக்கம் புத்தியைக் குறிக்கும் 'அக்ல்' என்ற அரபுச் சொல்லைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த விவாதம் அந்நியமாக இராது.

கற்பனை எங்கே முடிகிறது, புத்தி எங்கே தொடங்குகிறது என்று மகள் குழம்பினால், பிரெஞ்சு மெய்யியலாளர் டெக்கார்ட் 1641இல் காட்டிய உதாரணத்தைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். முக்கோணம் மனக்கண்ணில் உடனே வந்து நிற்கும். ஆயிரம் பக்க உருவம் வராது. 999 பக்க உருவத்திலிருந்து அதைப் பிரித்துப் பார்க்கவும் முடியாது. ஆனாலும் அதன் உட்கோணங்களின் கூட்டுத்தொகை 1,79,640 பாகை என்று பிசகில்லாமல் சொல்லிவிடலாம். படம் கைவிட்ட பிறகும் விளக்கம் நிற்கிறதே, அதைத்தான் அவர் புத்தியின் வேலை என்கிறார்.

ஒப்பீட்டு வினா வந்தால், முதல் வரியிலேயே எந்த மரபின் புத்தி என்று எழுதட்டும். அடுத்து அறிபவர் யார், அதற்கடுத்து புத்தியின் தொழில் என்ன. இந்த ஒழுங்கு மாறினால் அரிஸ்டாட்டிலின் புத்தியை அந்தக்கரணமாக்கிவிடுவாள். சித்தாந்தத்தோடு அதை ஒப்பிடப் பொருத்தமான இடம் உயிரின் அறிவாற்றல்.