குளியலறையில் சாக்கடை நாற்றம்: கேள்வி பதில்

வெள்ளவத்தை: கனடாவில் மகளோடு எட்டு மாதம் இருந்துவிட்டு வந்து வீட்டைத் திறந்தால் குளியலறை நாறுகிறது. குழாய் உடைந்துவிட்டதா?

பதில்: உடையவில்லை அம்மா, காய்ந்துவிட்டது. தரையில் தண்ணீர் போகும் துவாரத்துக்குக் கீழே ஒரு வளைவு இருக்கிறது. அதில் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மறிக்கிறது. மாதக்கணக்கில் யாரும் குளிக்காவிட்டால் அது ஆவியாகிவிடும். ஒவ்வொரு துவாரத்திலும் அரை வாளி ஊற்றுங்கள். கொமட்டையும் ஃப்ளஷ் செய்யுங்கள். அடுத்த பயணத்துக்கு முன் துவாரத்தில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விடுங்கள். அது மேலே மிதந்து தண்ணீரைக் காக்கும். கொழும்பு வெப்பத்தில் பெரும்பாலும் உறையாது.

தெஹிவளை: மேல்மாடியில் ஃப்ளஷ் செய்தால் கீழே கை கழுவும் பேசின் 'களக் களக்' என்கிறது, பிறகு நாற்றம். நுளம்புக்குப் பயந்து கூரையில் உள்ள காற்றுக்குழாயை மூடியிருக்கிறோம்.

பதில்: அந்த மூடியை இன்றைக்கே கழற்றுங்கள். மேலிருந்து தண்ணீர் மொத்தமாக இறங்கும்போது பின்னால் காற்றை இழுக்கும். கூரையில் வழி இல்லாததால் உங்கள் பேசின் வழியாக இழுக்கிறது, வளைவில் நின்ற தண்ணீரும் கூடவே போகிறது. நுளம்புக்கு வலை போதும். துருப்பிடிக்காத நுண்வலையைக் குழாய் வாயில் கட்டுங்கள்.

வத்தளை: டெங்கில் ஆட்கள் சாகிறார்கள். நாற்றத்தைப் பொறுக்கலாம். மூடியே சரி.

பதில்: டெங்குப் பயம் எனக்கும் உண்டு ஐயா. அதனால்தான் வலையைச் சொல்கிறேன். வலை நுளம்பை மட்டும் மறிக்கும், மூடி காற்றையும் சேர்த்து மறித்துவிடும். டெங்கு நுளம்பைத் தேட வேண்டிய இடங்கள் பூச்சாடித் தட்டும் பழைய டயரும் கூரைப் பீலியும்.

வத்தளை: வலையில் இலையும் தூசியும் அடைத்தால் அதுவும் மூடிதானே?

பதில்: நியாயமான கேள்வி. அடைத்தால் அதுவும் மூடிதான். பருவமழைக்கு முன்னும் பின்னும் ஏறிப் பார்த்துத் துடைக்க வேண்டும். ஏற ஆளில்லை என்பதற்காகக் குழாயை அடைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

கொட்டாஞ்சேனை: தண்ணீர் ஊற்றியும் நாற்றம் குறையவில்லை.

பதில்: பொலித்தீனும் ஒட்டுநாடாவும் வாங்குங்கள். எல்லாத் துவாரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டி, கதவைச் சாத்திவிட்டு ஓர் இரவு விடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து முகருங்கள். எல்லாம் மூடியிருக்கும்போதே நாறினால் கொமட்டின் அடியைப் பாருங்கள். அங்கே சிமெந்து வெடித்திருந்தால் ஈரமே தெரியாமல் காற்று மட்டும் கசியும். இதைச் செய்யாமல் தரையோட்டை உடைக்கவரும் எவரையும் விடாதீர்கள்.

மட்டக்குளி: அசிட் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். முன்பு ப்ளீச் ஊற்றியிருந்தால் இரண்டும் சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும்.

பம்பலப்பிட்டி: ஆறு மாதம் பூட்டிக்கிடந்த வீடு, நாற்றம்.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கல்கிசை: பூட்டிய வீடுதான். ப்ளீச்சோடு அசிட்டும் ஊற்றட்டுமா?

பதில்: தண்ணீர். தண்ணீர் மட்டும்.

மருதானை: மலக்குழியைத் திறந்து நானே இறங்கிப் பார்க்கலாமா?

பதில்: இறங்காதே தம்பி. உள்ளே ஹைட்ரஜன் சல்பைட் கூடினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றது என்று நினைக்கும் நேரத்தில் மயங்கி விழுவாய். தூக்கப் போகிறவரும் உள்ளேயே விழுவார். மூடியைத் திறக்காமல், கழிவை உறிஞ்சும் பவுசர் வண்டியை அழை.