சாரல் மாதத்தில் பசுமைக்குடில்

கேள்வி: செங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் தாவரவியல் எடுக்கிறேன். சாரல் தொடங்கினாலே மாணவர்களின் பசுமைக்குடிலில் தரையெல்லாம் பாசி, நாற்றுத்தட்டில் அழுகல், எந்தத் தொட்டி யாருடையது என்ற குழப்பம் வேறு. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: தண்ணீர் ஹோஸிலிருந்து ஆரம்பியுங்கள், டீச்சர். அதன் வாய் தரையில் கிடந்தால், அங்குள்ள சேற்றோடு பித்தியம் மாதிரி அழுகல் கிருமியும் ஒட்டிக்கொண்டு, மறுநாள் நீங்களே அதை நாற்றுக்கு ஊற்றுகிறீர்கள். ஒரு கொக்கி அடித்து மாட்டிவிடுங்கள். ஆரியங்காவு கணவாய் வழியே ஈரக்காற்று வரும் ஜூனிலிருந்து தண்ணீர் காலையில் மட்டும், அதுவும் மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான். மாலையில் ஊற்றினால் இலை இரவெல்லாம் நனைந்தே கிடக்கும்.

பழைய தட்டுகளை அப்படியே பிளீச்சில் போடாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பிளீச்சின் வீரியம் அதிலேயே போய்விடும். முதலில் தேய்த்துக் கழுவி, அப்புறம் 1 பங்கு பிளீச் திரவத்துக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள். இதைப் பிள்ளைகளிடம் விடாமல், கையுறை போட்டு நீங்களே செய்வதுதான் சரி.

பாசியைத் தேய்த்து எடுத்தாலும் ஈரம் தேங்கினால் திரும்ப வரும், வடிகாலைப் பாருங்கள். பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள், பேனா மை வெயிலிலும் நீரிலும் மங்கிவிடும். பெயரோடு விதைத்த தேதியும் வேண்டும். சீட்டில்லாத தொட்டி வெள்ளிக்கிழமை வெளியே போகும் என்று சொல்லிவிட்டு, சொன்னபடி செய்யுங்கள்.